முறை வைத்த புத்தகம்

பெரியவன்தான் எழுதி வைக்கச் சொன்னான். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எதையாவது விட்டுவிடுகிறேனாம். அவன் தங்கை அழுத இடம் வந்தால் பேச்சை மாற்றிவிடுகிறேனாம். நான் எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவன். தமிழ் நன்றாகப் படிப்பேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தால் கடைப் பலகை வரைக்கும் வரும். இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். ஆனாலும் பெரியவன், சின்னவள் என்றே எழுதுகிறேன். பின்னால் உங்கள் பிள்ளைகள் எடுத்துப் படித்தாலும் யார் எவர் என்று புரிய வேண்டும்.

பெரியவன் சென்னையில் விடுதியில் தங்கி எம்.ஏ. படிக்கிறான். ஏழை ஊர் எப்படி முன்னுக்கு வரும், வராமல் போனால் ஏன் வரவில்லை என்று ஆராய்கிற படிப்பு. வளர்ச்சிப் பொருளாதாரம் என்று சொல்கிறார்கள். சின்னவள் மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாள். எங்கள் குப்பம் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் பழவேற்காடு ஏரியுமாக நடுவில் மணல்மேல் இருக்கிறது. பஸ் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் படகு. அப்புறம் பஸ், அப்புறம் ரயில். ஏரிக்கு எதிர்க்கரையில் எங்களை மாதிரியே ரோடு இல்லாத எதிர்க்குப்பத்திலிருந்தும் ஒரு பெண் அதே வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள். அந்தப் பெண் என்னை மாமா என்றுதான் கூப்பிடும். அவள் அம்மா எனக்குத் தங்கை முறை.

இரண்டு பெண்களும் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்தவர்கள். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ். அதிலும் ஒரு புத்தகம் இருக்கிறது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் செய்வது எல்லாம் அடங்கினது. சிமெண்டுக் கல்லைக் கையில் வாங்கின மாதிரி கனக்கும். அதை இரண்டு குப்பத்துக்கும் பொதுவான கோயில் பணத்திலிருந்து வாங்கிக் கொடுத்தோம். நம் குப்பங்களிலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பிள்ளைகள் இவர்கள்தான். அதனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு புத்தகம்தான் வாங்க முடிந்தது.

ரயிலில் உட்கார்ந்தபடி இரண்டு பேரும் அதில் பென்சிலால் எழுதுவார்கள். புரியாத ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் மேலே தமிழ். ஈரல் என்று ஒரு இடத்தில், வீக்கம் என்று ஒரு இடத்தில், மூச்சுத்திணறல் என்று ஒரு இடத்தில். நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். ஒன்றரை வருஷத்தில் அந்தப் புத்தகம் முழுக்கத் தமிழ் ஏறிவிட்டது. நானே ஒரு நாள் புரட்டினேன். மேல் வரிசையை மட்டும் படித்துக்கொண்டே போனால் உடம்புக்குள் நடப்பது கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. கல்லூரி நூலகத்தில் அதே புத்தகம் இருந்தது. ஆனால் அதை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அதில் இருப்பதும் இங்கிலீஷ் மட்டும்தான்.

சின்னவள் அந்தப் பாடத்தில் ஒரு தடவை தோற்றாள், அந்தப் பெண்ணும்தான். அடுத்த பரீட்சையிலும் தோற்றால் மேல் வகுப்புக்கு விடமாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டும். நம் குப்பத்தில் படிப்பை விட்டு வீட்டில் உட்கார்ந்த பெண் மறுபடி எழுந்து போனதை நான் பார்த்ததில்லை. அதற்குள் மாப்பிள்ளை வந்துவிடுவான், இல்லையென்றால் இறால் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் வந்துவிடும். சின்னவளுக்கு அது தெரியும். சோறு இறங்காமல் போனது அவளுக்கு அப்போதுதான்.

பரீட்சைக்கு முன்னால் படிப்பதற்காகக் கல்லூரியில் லீவு விட்டார்கள். இவள் இந்தக் கரையில், அவள் அந்தக் கரையில், புத்தகம் ஒன்று. யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தது. பொதுப் பணத்தில் வாங்கினது என்பதால் இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் கோயிலுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார்கள். பெரியவன் லீவில் வந்திருந்தான். கையில் அவனுடைய பாடப்புத்தகமும் இருந்தது.

இங்கே பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் நல்ல இடமும் உண்டு, வெறும் சேறும் உண்டு. கடல் தண்ணீர் உள்ளே ஏறும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் கிடைக்கும், மற்ற இடத்தில் கிடைத்தால்தான் உண்டு. எல்லாரும் நல்ல இடத்துக்கே ஓடினால் வெட்டுக்குத்துதான். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னாருக்கு இந்த இடம், நாளைக்கு இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை கட்ட மாட்டான். என் அப்பா காலத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

பெரியவன் தன் புத்தகத்தைப் பிரித்து ஒரு பாடத்தைக் காட்டினான். ஏரி, காடு, மேய்ச்சல் நிலம் மாதிரிப் பொதுச் சொத்தை ஊராரே முறை வைத்து ஆண்டால் சண்டையும் வராது, சொத்தும் அழியாது என்று அதில் இருக்கிறதாம். எதிர்க்குப்பத்துத் தலைவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"எந்த ஊரு ஆளுடா இத்த எழுதனது?"

"வெளிநாட்டு ஆளு, பெரீப்பா."

"வலை கட்டத் தெரியுமா அவனுக்கு?"

"தெரியாது. நம்மள மாதிரி ஊருங்களப் பாத்து எழுதியிருக்காரு."

"எல்லாரும் பாத்துக்கினே இருந்தா மீனு எவன் பிடிக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. எங்கேயோ இருக்கிறவன் நம் வழக்கத்தை நல்லது என்று அச்சடித்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் இருக்காது. அப்புறம் வேறு யோசனையே இல்லை. புத்தகத்துக்கும் பாடு வைத்துவிடலாம் என்று முடிந்தது. நானும் தலையாட்டினேன், பெரியவனும் தலையாட்டினான். இரண்டு பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டுமே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ஒரு பாட்டில் இரண்டு பேர் வலை கட்டுவது எங்களுக்கு வழக்கமில்லை. அந்த எண்ணமே எங்கள் தலைக்குள் வராது.

சீட்டுப் போட்டார்கள். முதல் முறை சின்னவளுக்கு. பரீட்சை வரைக்கும் இருக்கும் கடைசி முறை அந்தப் பெண்ணுக்கு.

வீட்டில் வந்து சொன்னேன். சின்னவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மீனு நாளைக்கும் வரும் நைனா. பரீட்சை ஒரு நாளுதான் வரும்."

முறை போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் பேச முடியாது என்றேன். அவள் அரிசியை உலையில் போட்டாள். தன் முறை இருந்த வரைக்கும் புத்தகத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போவாள். முறை முடிந்த அன்று காலையில் அதைச் சிமெண்டுச் சாக்கில் சுற்றி நானே படகில் கொண்டுபோய் அந்தக் கரையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்கு அப்புறம் கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணின் அப்பா செத்துப்போனார்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண் வீட்டில் படித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்து மணலில் முட்டி போட்டு, கல்லூரியில் சொல்லிக் கொடுத்த மாதிரி அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டே இருந்ததாம். நிறுத்தவே இல்லையாம். பஸ் வருகிற கரைக்குக் கொண்டுபோய் ஆம்புலன்சில் ஏற்றினபோதும் அழுத்திக்கொண்டேதான் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. அவ்வளவு பெரிய புத்தகம் படித்து என்ன, பெற்ற அப்பனைக் காப்பாற்ற முடிந்ததா என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள். செத்தவரின் தம்பி, அந்தப் பெண்ணுக்குச் சித்தப்பா, அவரே அதைச் சத்தமாகச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். இனிமேல் என்ன படிப்பு, கருமாதி முடிந்ததும் இறால் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னாராம்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டிலிருந்து கருமாதி முடிகிற வரைக்கும் ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது. ஒரு கைப்பிடி உப்பு கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். கருமாதிக்கு முன்னாலேயே பரீட்சை வந்துவிடும். அந்தப் பெண் படிக்காவிட்டாலும் புத்தகம் சின்னவளுக்கு வர வழியில்லை, அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

நல்லது கெட்டது பார்த்துப் பேசுகிற நிலைமையில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. சின்னவள் அழுவாள், அப்பா செத்த பெண்ணுக்காக அழுகிறாளா தனக்காக அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாது. அதற்கு முன்பு போனில் எடுத்து வைத்த சில பக்கங்கள் இருந்தன. பென்சில் எழுத்து போனில் விழவில்லை, மங்கலாகக் கோடு கோடாகத்தான் தெரிந்தது. அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். சின்னவளின் அம்மா என்னைப் பார்ப்பாள். ஆம்பளை என்று ஒருவன் இருக்கிறானே, ஏதாவது செய் என்கிற பார்வை.

பென்சில் தமிழ் இல்லாவிட்டாலும் அதே புத்தகம் ஒன்று கிடைத்தால் போதும் என்று, சின்னவளிடம் சொல்லாமலே ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். பழைய புத்தகம் விற்கிற கடைகள் எங்கே என்று பெரியவனிடம் போனில் கேட்டுக்கொண்டேன். அவனுக்கு அன்றைக்கு வகுப்பு, வரமுடியவில்லை. கடைக்காரர் புத்தகத்தின் பெயர் கேட்டார். நர்ஸ் படிப்பு என்றேன். எத்தனையாவது வருஷம், எந்தப் பாடம், யார் எழுதினது என்று அடுக்கினார். ரொம்ப கனமாக இருக்கும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். "எல்லாமே கனம்தாம்பா இங்க" என்று சொல்லிவிட்டு ஒரு அடுக்கைக் காட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து எழுத்துக் கூட்டினேன். ஒரு புத்தகத்தின் அட்டையில் வெள்ளை உடுப்போடு ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். கீழே நர்சிங் என்று படிக்க வந்தது. அதற்கு முன்னால் ஒரு நீளமான வார்த்தை இருந்தது, அது வரவில்லை. கனமாகவும் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் மடியில் வைத்து அதைத் தடவிக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது.

சின்னவள் பிரித்துப் பார்த்தாள்.

"இது நர்சுன்னா எப்பிடி நடந்துக்கணும், எப்பிடிப் பேசணும், சட்டம் இன்னா, அதெல்லாம் சொல்ற புக்கு நைனா. அது வேற பேப்பர். அத்த நான் பாஸ் பண்ணிட்டேன்."

அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சின்னவள் என்னைத் தேற்றுவது போல அதில் ஒரு பக்கத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள். நோயாளியின் பயத்தை முதலில் கேட்க வேண்டும், அப்புறம்தான் மருந்து என்று அதில் போட்டிருக்கிறதாம். நல்ல புத்தகம்தான் நைனா என்றாள். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். சாவு அன்றைக்கே போய்விட்டு வந்தவன்தான். இரண்டாவது தடவை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆண்களோடு வெளியே உட்கார்ந்தேன். காற்றைப் பற்றி, முகத்துவாரம் தூர்ந்துபோவதைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேசினேன். புத்தகத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கேட்டால் மனுஷனா என்பார்கள். கேட்காமல் போனால் வீட்டில் ஒரு முகம் காத்துக்கொண்டிருக்கிறது. இப்படியே வெயில் ஏறிவிட்டது. எழுந்தேன். இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சும்மா எழுந்து நடக்க வேண்டும். படகுக்குப் பக்கத்தில் வந்தபோது பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தது. முகம் வீங்கி, தலை வாராமல்.

"புக்குக்குத் தான வந்தீங்க மாமா?"

படகின் கயிற்றை அவிழ்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"குடுக்க மாட்டேன் மாமா. வூட்ல குடுக்கக் கூடாதுன்னு இல்ல. அது வெளிய போச்சுன்னா நானும் அவ்ளோதான். அத்தப் பாத்துதான் நான் பரீட்சைக்குப் போவேன்னு இன்னும் எங்கம்மா நெனச்சிக்கினு கீது."

சொல்லும்போது அழவில்லை. கையை மட்டும் பிசைந்துகொண்டிருந்தது, அப்பா நெஞ்சை அழுத்தின கை. நான் படகைத் தள்ளி ஏறிக் கழியை ஊன்றினேன். பாதி ஏரியில் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். சீட்டுப் போட்டவர்மேல், புத்தகம் எழுதினவன்மேல், செத்தவர்மேல்கூட. கழியை எவ்வளவு ஓங்கிக் குத்தினேனோ, சேற்றில் மாட்டிக்கொண்டு வரவில்லை.

வீட்டில் அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். சின்னவள் கேட்டுவிட்டு எழுந்து ஒரு பையில் இரண்டு துணியை எடுத்து வைத்தாள்.

"வெளிய வராதுன்னா நான் உள்ள போறேன். ஒரு புக்க ரெண்டு பேரு படிச்சா தேஞ்சா பூடும்?"

இவ்வளவுதான். இத்தனை பேர் மணலில் உட்கார்ந்து பேசினோமே, இது ஒருவருக்கும் வரவில்லை.

ஆனால் சும்மா போய்விட முடியாது. ஒருத்தர் இழவு வீட்டில் தங்கிச் சாப்பிட்டாலும் அந்தத் தீட்டு அவர் குடும்பத்துக்கே ஒட்டும். தீட்டு இருக்கிறவன் கருமாதி முடிகிற வரைக்கும் பாட்டில் வலை கட்டக் கூடாது. முகத்துவாரத்துப் பக்கத்து முறை அந்த வாரம்தான் எனக்கு வருவதாக இருந்தது. எங்கள் குப்பத்துத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பெண்ணை அங்கே அனுப்பினால் உன் முறை போய்விடும், யோசித்துச் செய் என்று இரண்டு தடவை சொன்னார். சின்னவளின் அம்மாதான் எங்கள் வாசலில் நின்று கேட்டாள், முறையும் போய்ப் பாஸும் ஆகவில்லை என்றால் இன்னாத்தத் துன்றது என்று. கேட்டவள் அவளே சின்னவளின் பையில் எண்ணெய்ப் பாட்டிலையும் சீப்பையும் வைத்தாள். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் வாரிவிடு என்றாள்.

அந்த நாட்களில் நான் ஏரிக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து, என் இடத்தில் வேறொருத்தர் வலை கட்டுவதைப் பார்ப்பேன். இறால் நன்றாக ஏறின நாட்கள் அவை. அந்தப் பக்கம் பார்த்தால் எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரியும். அங்கே இரண்டு பெண்கள் ஒரு புத்தகத்தைக் குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அது ஒன்றுதான் தெம்பு. சின்னவள் பின்னால் சொன்னாள், செத்தவரின் படத்துக்கு எதிரே எரிகிற விளக்குக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து படித்தார்களாம். இருதயத்தைப் பற்றின பாடம் வந்தபோது அந்தப் பெண் சத்தமாகப் படித்ததாம், ஒரு இடத்திலும் குரல் இடறவில்லையாம். சின்னவளால்தான் கேட்க முடியவில்லையாம்.

பரீட்சை அன்று விடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு போனேன். கரையில் அந்தச் சித்தப்பா நின்றிருந்தார். இரண்டு பெண்களும் கல்லூரி உடுப்பில் வந்தார்கள்.

"ஒம் பொண்ண நீ இட்டுனு போ மச்சான். கருமாதி முடியாம எங்க வூட்டுப் பொண்ணு தண்ணி தாண்டாது."

நான் பேசிப் பார்த்தேன். எழுதிவிட்டு உடனே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் நல்லபடியாகத்தான் பதில் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. கத்துகிற மனுஷன் என்றால் அடங்குவான், முடிவெடுத்துவிட்டவனிடம் என்ன சொல்வது. அந்தப் பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மணலையே பார்த்தது. சின்னவள் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். அவள் வராமல் நான் போகமாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் இருந்தது. பஸ் போய்விடுமே என்று இருந்தது எனக்கு.

அப்போது அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். தாலி இறங்கினவள் கருமாதி வரைக்கும் வாசல் தாண்டுவதில்லை. அவள் மணலில் நடந்து தண்ணீர் வரைக்கும் வந்தாள். கொழுந்தனின் முகத்தைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ போவட்டும், அந்த புக்கும் போவட்டும். வூட்ல குந்திக்கினு அழறதுக்கு நான் ஒருத்தி போதும்."

சித்தப்பா ஒதுங்கிக்கொண்டார். வேறொன்றும் நடக்கவில்லை. ஏற்றிக்கொண்டு தள்ளினேன்.

அன்றைக்கென்று தண்ணீர் வற்றியிருந்தது. நடுவில் படகு தரை தட்டி நின்றுவிட்டது. மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். வெள்ளை உடுப்பு முட்டி வரைக்கும் சேறு. புத்தகத்தை மட்டும் அந்தப் பெண் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்திருந்தது. தள்ளிக்கொண்டே இரண்டு பேரும் ஒருத்தி கேள்வி கேட்க ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பஸ் நிறுத்தத்துக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு ஓடினார்கள். நானும் கூடவே போய்க் கல்லூரி வாசலில் உட்கார்ந்துகொண்டேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. சின்னவள் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்குவதற்கு முன்னால் சொன்னாள்.

"எல்லாம் தெரிஞ்சிது நைனா. கேள்வியப் பாத்தா தமிழ்தான் முன்னால வந்து நிக்கிது. இங்கிலீஷு வரல."

ரிசல்ட் போனில் வந்தது. அந்தப் பெண் பாஸ். சின்னவள் இல்லை.

பெரியவன் அன்றே சென்னையிலிருந்து வந்துவிட்டான். முறை வைக்கலாம் என்று மணலில் புத்தகத்தைக் காட்டினவன் அவன்தானே, அது அவனை அரித்துக்கொண்டிருந்தது. முறை வைக்காமல் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து படித்திருந்தால் என்று தொடங்கினான். சின்னவள் நிறுத்தினாள். சேந்து படிச்சிருந்தாலும் இங்கிலீஷு வந்திருக்காது அண்ணா என்றாள். அவள் சொன்னது நிஜமா, அண்ணன் மனசு நோகக் கூடாதென்று சொன்னதா, எனக்குத் தெரியாது. பெரியவனே, இதை நீ படிக்கும்போது உனக்கும் தெரியாமல்தான் இருக்கும். அவளைக் கேட்காதே.

அந்தப் பெண் இப்போது மேல் வகுப்புக்குப் போகிறது. காலையில் அவள் ஏறின படகு போவது எங்கள் கரையிலிருந்தே தெரியும். அவள் அம்மா அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். சித்தப்பா இன்னமும் முனகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. போன வாரம் அந்தப் பெண் வந்து புத்தகத்தைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டுப் போனது. அவளுக்கு அந்தப் பாடம் முடிந்துவிட்டது, இனி அது தேவையில்லை. சீட்டும் இல்லை, முறையும் இல்லை. புத்தகம் முழுக்க இப்போது சின்னவள் ஒருத்திக்குத்தான்.

கல்லூரியிலிருந்து அடுத்த பரீட்சைக்குத் தகவல் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் சின்னவளைக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவள் அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை, எவ்வளவு நாள் சொல்லாமல் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனி வேன் தினம் காலையில் பஸ் வருகிற கரையில் வந்து நின்றுவிட்டுப் போகிறது.

சின்னவள் ஒரு ரப்பர் வாங்கிவரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். காலையில் உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக அந்தப் பென்சில் தமிழை அழித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறாளாம். தமிழ் இருக்கிற வரைக்கும் கண் அங்கேதான் போகிறதாம். காகிதம் கிழியாமல் இருக்க ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தேய்க்கிறாள். ஒரு வார்த்தையை அழித்ததும் அடியில் இருக்கிற இங்கிலீஷை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறாள். சில சமயம் சொல்லி முடித்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று ஞாபகம் வராமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அழித்துவிட்டதால் பார்க்கவும் முடியாது. நான் வலையைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிரே இருக்கிறேன். அர்த்தம் எனக்கும் தெரியாது. பாதிப் புத்தகம் அழித்துவிட்டாள். அவள் அம்மா அந்த ரப்பர் துகளைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுகிறாள்.